புகையா, பனியா? ஹட்டனில் நடக்கும் ஒரு வாசிப்பு வகுப்பு பற்றி

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் தனியாக ஒரு வகுப்பு நடக்கிறது என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னபோது, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை பிறக்கவில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிப்பவன் நான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க வாசிப்பில் 7 என்ற தரநிலைப் புள்ளி தேவைப்பட்டது. அதற்கு 40 வினாக்களில் ஏறத்தாழ 30 சரியாக இருக்க வேண்டும். வீட்டில் நானே எழுதிப் பார்த்த மாதிரி வினாத்தாள்களோ 22ஐத் தாண்டவில்லை. பிழைத்த வினாக்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. பந்தியில் நேராகச் சொல்லப்பட்டதை எடுத்தெழுதும் வினாக்களில் நான் தவறவில்லை. சொல்லப்பட்டதிலிருந்து சொல்லப்படாததை உய்த்தறிய வேண்டிய இடங்களில்தான் தொடர்ந்து சறுக்கினேன். கண்டிக்கோ கொழும்புக்கோ வாராவாரம் போய்வர வசதியில்லாததால் ஹட்டன் வகுப்பிலேயே சேர்ந்தேன்.

12 சனிக்கிழமைகள், காலை 9 மணி முதல் நண்பகல் வரை, கட்டணம் 18,000 ரூபா, கைநூலுக்குத் தனியாக 1,200 ரூபா. நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஊரும் சிறியது. இத்தகைய வகுப்பு எதுவானாலும் அதில் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று அறிய விரும்புவோருக்கு இது பயன்படக்கூடும்.

முதலில் நிறைவானதைச் சொல்கிறேன். வகுப்பை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. பந்தியும் வினாவும் ஆங்கிலத்தில் இருந்தாலும், விடைக்கு ஏன் அந்த வழியில் போகிறோம் என்ற விளக்கம் முழுவதும் தமிழிலேயே நடக்கும். தமிழ் மொழிமூலத்தில் படித்து வந்த எங்களுக்குச் சாதாரண தரத் தமிழ்ப் பாடத்தில் கிரகித்தல் புதிதன்று. ஆயினும் நான் படித்த காலத்தில் எங்களிடம் கேட்கப்பட்டவை பெரும்பாலும் பந்தியிலுள்ள தொடரைத் தேடி எடுத்தெழுதும் வினாக்களே. ஒரு கூற்று பந்தியிலிருந்து பெறப்படுகிறதா என்று எடைபோடும் பயிற்சி எங்களுக்கு வாய்க்கவில்லை. அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்பதை ஆசிரியை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார்.

அன்று அவர் தந்த சிறு பந்தி எங்கள் மண்ணைப் பற்றியது. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். 1867இல் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அக்காலத்தில் இலங்கையின் முதன்மையான தோட்டப் பயிர் கோப்பி. 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் முதன்முதலாக அவதானிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் பெரும்பாலான கோப்பித் தோட்டங்கள் கைவிடப்பட்டன. அந்நிலங்களில் பல தேயிலைக்கு மாறின. இவ்வளவுதான் பந்தி. இதிலிருந்து எதனை உய்த்தறியலாம் என்ற வினாவுக்கு நான்கு தெரிவுகள் தரப்பட்டன. கோப்பி நோய்க்கு அஞ்சியே டெய்லர் தேயிலையை நாடினார் என்பது முதலாவது. நோய் அவதானிக்கப்பட்ட வேளையில் இலங்கையின் தோட்டமொன்றிலேனும் தேயிலை ஏற்கெனவே பயிரிடப்பட்டிருந்தது என்பது இரண்டாவது. நோய் வராதிருந்தால் தேயிலை இங்கே பரவியிருக்காது என்பது மூன்றாவது. கோப்பிச் செய்கை இலங்கையிலிருந்து முற்றாக ஒழிந்தது என்பது நான்காவது.

வகுப்பிலிருந்த 23 பேரில் 17 பேர் முதலாவதையோ மூன்றாவதையோ தெரிவுசெய்தோம். நான் மூன்றாவது. கோப்பி அழிந்ததால் தேயிலை வந்தது என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது பந்தியில் எழுதியிருப்பது போலவே கண்ணில் பட்டது. நான் எழுந்து நின்று என் விடைக்கு நியாயம் சொன்னேன். ஆசிரியை கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா அது நீங்க பள்ளிக்கூடத்துல படிச்சது. இந்தப் பந்தி அத சொல்லுதா?”

“நேரா சொல்லல மிஸ்.”

“சரி. நேரா வேணாம். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இந்தப் பந்திக்கு இருக்கா?”

அதன் பின் அவர் கற்பித்த முறையை மறுத்துப் பார்த்தல் என்று நாங்கள் அழைத்தோம். தெரிவை எடுத்து அதன் மறுப்பைப் பந்தியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மறுப்போடு பந்தி மோதினால் அந்தத் தெரிவு பெறப்படுகிறது. பந்தி ஆடாமல் அசையாமல் நின்றால் அது எங்கள் தலையிலிருந்து வந்தது. டெய்லர் வேறு ஏதோ காரணத்துக்காகத் தேயிலை நட்டார் என்று வைத்துக்கொண்டால் பந்தியின் எந்த வாக்கியமும் பொய்யாகவில்லை. அதுமட்டுமன்றி, அவர் பயிரிட்ட ஆண்டு நோய் அவதானிக்கப்பட்டதற்கு இரண்டாண்டு முந்தியது என்பதால் முதலாவது தெரிவு இன்னும் நலிகிறது. நோய் வராதிருந்தாலும் தேயிலை பரவியிருக்கும் என்று கொண்டாலும் பந்திக்குக் குறைவில்லை. நடந்ததைச் சொல்லும் பந்தி, நடக்காமற் போனால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பொறுப்பேற்காது. நான்காவது தெரிவில் ‘பெரும்பாலான’ என்பது ஓசையின்றி ‘முற்றாக’ என்று வளர்ந்துவிட்டது. இரண்டாவதை மறுத்து, 1869 வரை எந்தத் தோட்டத்திலும் தேயிலை பயிரிடப்பட்டிருக்கவில்லை என்று சொன்னால் மட்டுமே முதல் வாக்கியத்தோடு நேராக முட்டுகிறது.

இரண்டாவது தெரிவு எவ்வளவு சப்பென்று இருக்கிறது என்பதைக் கவனித்தால் எங்கள் தவறின் வேர் தெரியும். இதைக் கேட்கவா ஒரு வினா என்று எண்ணித்தான் நாங்கள் அதைத் தாண்டிப் போனோம். உய்த்தறியும் வினா என்றதும் பந்திக்கு அப்பால் வெகுதூரம் போய் ஆழமான ஏதோ ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்திருந்தேன். பரீட்சை கேட்பது ஓரடி மட்டுமே. அந்த ஓரடியும் பந்தியின் மண்ணிலேயே வைக்கப்பட வேண்டும். எனக்கு இந்த ஒரு விடயத்துக்காகவே கட்டணத்தில் பாதி தீர்ந்துவிட்டது.

உயர்தரத்தில் அளவையியல் படித்த மாணவர் ஒருவர் எங்கள் வகுப்பில் இருந்தார். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்ற பழைய அனுமான எடுத்துக்காட்டை அவர் சொன்னதும், ஆசிரியை எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். சிங்கமலைப் பக்கம் முழுவதும் வெள்ளையாக மூடியிருந்தது. அது புகையா, பனியா என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் தருக்கப் பிழைகளை விரிக்கும் இடத்திலேயே இது வருகிறது. காண்பது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதிருக்கும்போதே அதைப் புகையென்று கொண்டு நெருப்பு உண்டெனத் துணிவது பிழையென்று அந்நூல் சொல்லிவைத்திருக்கிறது. கைநூலில் இல்லாத இத்தகைய கணங்களே இந்த வகுப்பின் உயிர் என்பேன். அன்றிலிருந்து யாராவது பந்தியில் இல்லாத காரணத்தைக் கொண்டுவந்தால் பின்வரிசையிலிருந்து “பனி, பனி” என்று குரல் எழும்பும்.

இன்னொரு நல்ல பகுதி சின்னச் சொற்களைப் பற்றியது. ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும் வினையடைகளும் வரையறைச் சொற்களும் எத்தனை செய்திகளைச் சுமக்கின்றன என்பதை அவர் எங்கள் இலக்கணத்தைக் கொண்டே காட்டினார். ‘சாத்தனும் வந்தான்’ என்றால் வேறொருவனும் வந்தான் என்பது எச்சவும்மையால் தானே பெறப்படும். ‘மூவரும் வந்தனர்’ என்ற முற்றும்மை ஒருவரும் எஞ்சவில்லை என்கிறது. பிரிநிலை ஏகாரம் ஒன்றைக் கூட்டத்திலிருந்து பிரித்து நிறுத்திவிடுகிறது. பஸ் நிலையத்தில் ஒருவர் ‘மஸ்கெலியா பஸ்ஸும் போய்விட்டது’ என்றால், அவர் வாய்திறந்து சொல்லாத இன்னொரு பஸ்ஸும் போய்விட்டது நமக்குத் தெரிகிறது. தமிழில் இவ்வளவு இயல்பாக உய்த்தறிகிற நாங்கள், ஆங்கிலப் பந்தியில் ‘கூட’, ‘இனிமேல் இல்லை’, ‘அதுவரை’ என்ற பொருள்தரும் சொற்களின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறோம். அவற்றின் கீழ் கோடிடும் பழக்கம் ஏற்பட்ட பிறகு என் விடைத்தாளில் மாற்றம் தெரியத் தொடங்கியது.

ஐஇஎல்டிஎஸ் எழுதுவோரைப் பெரிதும் அலைக்கழிப்பது ‘சரி, பிழை, கூறப்படவில்லை’ என்ற மூன்று விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் வினாவகை. இதற்கு இரண்டு முழுச் சனிக்கிழமைகள் ஒதுக்கப்பட்டன. கைநூலின் 43ஆம் பக்கத்தில் மலையக ரயில் பாதை பற்றிய பந்தி இருக்கிறது. பாதை 1867இல் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்தது என்று அது சொல்கிறது. நானுஓயாவிலிருந்து பதுளைக்குப் பாதை நீளப் பிடித்த காலம், கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு நீளப் பிடித்த காலத்தைவிட அதிகம் என்ற கூற்று பந்தியில் எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் 39 ஆண்டுகளையும் 18 ஆண்டுகளையும் ஒப்பிட்டால் அது சரி. எழுதப்படாததெல்லாம் ‘கூறப்படவில்லை’ ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதற்கு அடுத்த கூற்று, பதுளைக்கான வேலை நீண்டதற்குப் பணப் பற்றாக்குறையே காரணம் என்கிறது. பந்தி காரணம் எதையும் தரவில்லை. பணம் இருந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனவே விடை ‘கூறப்படவில்லை’. பந்தி எதிராகப் பேசினால் மட்டுமே ‘பிழை’. பேசாமலிருந்தால் அது மௌனம். இந்த வேறுபாட்டை ஆசிரியை அருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது, கைநூலின் விடைப்பக்கத்தைப் புரட்டிய ஒரு மாணவி அங்கே ‘பிழை’ என்று அச்சிடப்பட்டிருப்பதை வாசித்தார்.

ஆசிரியை தயங்கவில்லை. அச்சுத் தவறென்று ஒப்புக்கொண்டு பேனையால் திருத்தச் சொன்னார். மேலும் நான்கு இடங்களில் இவ்வாறே திருத்தினோம். வகுப்பு அவருடையதானாலும் கைநூலும் பணமும் நிலையத்துக்குரியவை; அங்கே எழுதிக் கொடுத்த திருத்தப் பட்டியலை வாங்கி மேசை இலாச்சியில் வைத்தார்கள். வீட்டில் தனியாகப் பயிலும் ஒருவருக்கு விடைப்பக்கத்தின் பிழை என்ன செய்யும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சரியாகச் சிந்தித்தவன் தன் சிந்தனையையே சந்தேகித்து, பிழையான வழியைச் சரியென்று மனனம் செய்துகொள்வான். 1,200 ரூபா வாங்கும் கைநூலில், அதுவும் பக்க ஓரங்கள் வெட்டுப்பட்ட போட்டோகொப்பியில், குறைந்தது விடைகளாவது சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த குறை நேரம் பற்றியது. ஐஇஎல்டிஎஸ் வாசிப்பில் மூன்று நீண்ட பந்திகள், 40 வினாக்கள், 60 நிமிடங்கள். விடைகளைத் தாளுக்கு மாற்றி எழுதவென்று மேலதிக நேரம் தரப்படுவதில்லை. மறுத்துப் பார்க்கும் முறையை ஒவ்வொரு தெரிவுக்கும் நிதானமாகச் செய்துகொண்டிருந்தால் இரண்டாவது பந்தியிலேயே மணியடித்துவிடும். எங்களுக்கு மணிக்கூட்டை வைத்து முழு வினாத்தாள் தரப்பட்டது ஒன்பதாவது வாரத்தில்தான். அன்று நான் மூன்றாவது பந்தியில் ஏழு வினாக்களை வெறுமையாக விட்டேன். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படாத பரீட்சையில் வெறுமையாக விடுவது எத்தனை மடமை என்பதைக்கூட அதற்குப் பிறகே ஒருவர் சொன்னார். இரண்டு தெரிவுகளைப் பார்த்த கணமே தள்ளிவிட்டு எஞ்சிய இரண்டுக்கு மட்டும் மறுப்புச் சோதனையைச் செய்ய நான் பழகியது, பஸ்ஸில் நோர்வூட் வழியாக வீடு திரும்பும்போது, முழங்காலில் வினாத்தாளை வைத்துக்கொண்டு நானாகவே செய்த பயிற்சியால். சிவனொளிபாதமலைப் பருவத்தில் வார இறுதி நெரிசலில் பஸ் நின்றுவிடும் நாட்களில் ஒரு முழுப் பந்தியே முடிந்துவிடும்.

இரண்டு சனிக்கிழமைகளைத் தவறவிட்டதால், ஈடாக ஞாயிற்றுக்கிழமை எஸ்ஏடி வகுப்பில் உட்கார அனுமதித்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் ஒன்பது பேர் அங்கே இருந்தார்கள். அந்த வகுப்பை என்னால் பரிந்துரைக்க இயலாது. அமெரிக்காவுக்கு வெளியே 2023 முதல் எஸ்ஏடி கணினியில் நடத்தப்படுகிறது; வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதி 32 நிமிடங்கள் கொண்ட இரண்டு கூறுகளாக, கூறுக்கு 27 வினாக்களுடன் வருகிறது; ஒவ்வொரு வினாவுக்கும் 25 முதல் 150 சொற்களுக்குள் அடங்கும் சிறிய உரை ஒன்றே. நான் போன இரண்டு ஞாயிறுகளிலும் பிள்ளைகளுக்குத் தரப்பட்டவையோ, ஒரு நீண்ட பந்தியும் அதன் கீழ் பத்துப் பதினொரு வினாக்களும் கொண்ட பழைய கடதாசி வினாத்தாள்கள்.

அதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்றும் அங்கே தெரிந்தது. இன்றைய எஸ்ஏடியில் உய்த்தறியும் வினா, உரையின் இறுதி வாக்கியத்தைப் பாதியில் விட்டு, அதனை மிகவும் தருக்கபூர்வமாக நிறைவுசெய்யும் தெரிவு எதுவென்று கேட்கும். அங்கே மறுத்துப் பார்த்தல் முழுதாகக் கைகொடுக்காது. நானே ஒன்று எழுதிப் பார்த்தேன். மலைநாட்டின் கிழக்கிலுள்ள ஊவாவின் தரமான தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரை கிடைக்கிறது. அப்போது தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின் மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு ஊவாவுக்கு வறண்டு வருகிறது. மேற்குச் சரிவிலுள்ள திம்புளையின் தரமான காலமோ ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது மேற்குச் சரிவு வறண்டிருக்கிறது. ஆகவே, என்று உரை நிற்கிறது. வறட்சியோடு தரத்துக்குத் தொடர்பு இருப்பதாகத் தோன்றுகிறது என்பதே பொருத்தமான நிறைவு. அதை மறுத்தாலும் முன்னைய வாக்கியங்கள் பொய்யாகிவிடுவதில்லை, இரு பிரதேசங்களிலும் அது தற்செயலாக நேர்ந்திருக்கலாம். ஆனால் அப்படி மறுத்தால் அந்த இரண்டு தகவல்களையும் எழுதியவர் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் என்பதற்கு விடையில்லாமல் போகிறது. ஊவாத் தேயிலையே சிறந்தது என்ற தெரிவு தரப்பட்டிருந்தால் அது எளிதாகக் கழிந்துவிடும். இரண்டையும் ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் சொல் உரையில் இல்லை. ஐஇஎல்டிஎஸ்ஸில் பந்தியோடு கூற்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம்; எஸ்ஏடியின் இவ்வகை வினாவில் நான்கு தெரிவுகளுக்குள் மிக அதிக ஆதரவு பெற்றது எது என்று ஒப்பிடுகிறோம். இரண்டுக்கும் ஒரே சாவியைப் போட்டுத் திறக்க முயன்றதால் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் சரியான தெரிவையும் ‘பனி’ என்று சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இதை ஆசிரியையிடம் சொன்னபோது, ஞாயிறு வகுப்பு நிலையத்தின் வற்புறுத்தலால் ஏற்றுக்கொண்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 20 பேருக்கான அறையில் 23 பேர் இருந்தோம். மழை தகரத்தில் விழும்போது பின்வரிசைக்குக் குரல் கேட்காது. தேநீர் நன்றாக இருந்தது. தவறவிட்ட வகுப்புக்குப் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்பது பற்றுச்சீட்டின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கிறது, சேருமுன் வாசித்துக்கொள்ளுங்கள். வாசிக்கும் வகுப்பில் சேர வந்த நான் அதை வாசிக்கவில்லை.

பன்னிரண்டாவது வாரத்தில் நேரம் வைத்து எழுதிய வினாத்தாளில் எனக்கு 31 கிடைத்தது. அதில் உய்த்தறியும் வினாக்களில் மூன்றே பிழைத்தன. மூன்றிலும் அளவுச் சொல்லையே கோட்டைவிட்டிருந்தேன். சொல்வளம் குறைந்தவர்களுக்கு இந்த வகுப்பு உதவாது, ஏனெனில் பந்தியின் சொற்கள் விளங்கும் என்ற நம்பிக்கையிலேயே எல்லாம் தொடங்குகிறது. ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தும், தெரிந்த கதையைப் பந்திக்குள் ஏற்றிவைத்துப் புள்ளியை இழக்கிற என் போன்றவர்கள் சனிக்கிழமை வகுப்பில் தயங்காமல் சேரலாம். முதல் வாரத்திலிருந்தே வீட்டில் மணிக்கூட்டை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். எஸ்ஏடிக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு, பரீட்சையை நடத்தும் கொலேஜ் போர்ட் இலவசமாகத் தரும் கணினிப் பயிற்சித் தாள்களை எழுதிப் பார்க்கலாம்.

அடுத்த அணிக்கான கைநூலைக் கடந்த வாரம் நிலையத்தின் மேசையில் பார்த்தேன். அட்டை புதியது, விலை 1,500. உள்ளே விடைப்பக்கம் பழையதே. வாங்குவோர் 43ஆம் பக்க ரயில் பந்தியின் இரண்டாவது கூற்றுக்கு ‘பிழை’ என்றிருப்பதை வெட்டிவிட்டு, ‘கூறப்படவில்லை’ என்று எழுதிக்கொள்ளவும்.